ஊதினால் போகுமா அமோனியா?

நம்பிக்கை: கழிவுநீர்த் தொட்டியில் காற்றை எவ்வளவு கூட்டுகிறோமோ, அவ்வளவு அமோனியா குறையும்.

உண்மை: காற்று வேண்டும்தான். ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசன் நைத்திரேற்றாக மாற 4.57 மில்லிகிராம் ஒட்சிசன் செலவாகும். ஆனால், கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் நின்றாலே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் ஊதுவது மின்கட்டணத்தைத்தான் ஏற்றும். மாற்றத்தை நடத்தும் பற்றீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. அவை பெருகுவதைவிட வேகமாக, அவை வாழும் கசடை வெளியேற்றினால், எவ்வளவு ஊதினாலும் தொட்டியில் தங்கமாட்டா. ஆகவே, முதற் கடிவாளம் கசடின் வயது, அதாவது அது தொட்டியில் தங்கும் நாட்கள். குளிர்நாட்டு மாரியில் பத்து நாளுக்கு மேலும் கசடைத் தேக்க வேண்டியிருக்கும். 28 பாகை செல்சியசில் சில நாட்களே போதும்.

இரண்டாவது, காரத்தன்மை. மாறும் ஒவ்வொரு மில்லிகிராம் நைதரசனும் 7.14 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்கிறது. லீற்றருக்கு 30 மில்லிகிராம் நைதரசன் மாற 214 மில்லிகிராம் வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். தம்புள்ளை, சீகிரியா பக்கத்து உலர்வலயக் கிணற்று நீர் பொதுவாகக் கடினமானது. காரத்தன்மை அதனோடே வருகிறது. நக்கிள்ஸ் மலையடிவார ஓடை நீரோ மென்மையானது. அங்கே பீஎச் 6.5க்குக் கீழே இறங்கினால் பற்றீரியா சோர்ந்து அமோனியா மீண்டும் ஏறும். அப்போது காற்றைக் கூட்டிப் பயனில்லை. சுண்ணாம்போ சோடியம் இருகாபனேற்றோதான் உதவும்.

“உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் கழிவுநீரில் அமோனியா நைதரசன் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறதே, இந்தப் பாடு எதற்கு?” என்று கேட்கலாம். நம் வெப்பத்தில் அமோனியா நைத்திரேற்றாக மாறுவது கேளாமலே தொடங்கிவிடும் என்பதே விடை. திட்டமின்றி நடந்தால் பீஎச் சரியும். படிவுத் தொட்டியில் நைத்திரேற்று நைதரசன் வாயுவாகி, அடியில் கிடந்த கசடை மேலே மிதக்கவிடும். மேலும், நைத்திரேற்றாக மாறியதால் நைதரசன் தொலைந்துவிடவில்லை. மாத்தளை நகரைத் தொட்டோடும் சுது கங்கை அம்பன் கங்கையில் சேர்கிறது. அந்த நீர் மொரகஹகந்தையில் தேங்குகிறது. தேங்கிய நீரில் நைத்திரேற்று பாசிக்கு உரம். காற்றூட்டாத ஒரு தொட்டியை முன்னே வைத்து, நைத்திரேற்று நீரை அதற்குத் திருப்பினால் நைதரசனும் வெளியேறும். இழந்த காரத்தன்மையில் பாதி வரை மீளும். காற்றைக் கூட்டுவதல்ல, எங்கே நிறுத்துவது என்று அறிவதே இங்கு கட்டுப்பாடு.