மலை ஏறும்போது கார் மூச்சு வாங்குதா?

லீவு விட்டதும் பிள்ளைகள் கேட்பது கொடைக்கானல். வத்தலக்குண்டு வரை பறந்து வந்த கார், காட்ரோடு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எவ்வளவு மிதித்தாலும் இழுக்க மறுக்கிறதா? உடனே பெரிய செலவென்று பயப்பட வேண்டாம். காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்த்து, அப்புறம் ஒவ்வொன்றாகப் போகலாம்.

1. முதலில் கோளாறு வண்டியிலா, மலையிலா என்று பிரித்துவிடுங்கள். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே காற்று லேசாக இருப்பதால் டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழப்பது இயல்புதான். திண்டுக்கல் சமதள ரோட்டிலேயே திணறினால்தான் வைத்தியம் தேவை.

2. கொண்டை ஊசி வளைவுக்குள் போய்விட்டுக் கியரைத் தேடாதீர்கள், வளைவுக்கு முன்பே இரண்டுக்கு இறக்கிவிடுங்கள். பெரிய கியரில் முக்கவிட்டு மிதித்தால் பெட்ரோல்தான் தீரும், வண்டி ஏறாது.

3. டிக்கியையும் மேல் கேரியரையும் ஒருமுறை காலி செய்து பாருங்கள், தேவையில்லாத சுமை எவ்வளவு என்று தெரியும். மலைப்பூண்டு, கேரட்டெல்லாம் இறங்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். ஏறும்போது கை எவ்வளவு வீசுகிறதோ அவ்வளவு நல்லது.

4. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு. டம்டம் பாறையில் அருவி பார்க்க நிறுத்தும்போது நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில், தொடாமல், கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது, அதுதான் வண்டியைப் பின்னால் இழுக்கிறது.

5. டயரில் காற்று குறைந்தாலும் வண்டி சோம்பும். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுப்படி, டயர் சூடேறும் முன் காலையிலேயே பிடித்துவிடுங்கள்.

6. செங்குத்தான இடங்களில் ஏசியை அணைத்துவிடுங்கள். சின்ன இன்ஜினுக்கு வித்தியாசம் உடனே தெரியும். பாதி மலை ஏறியபின் ஜன்னலைத் திறந்தாலே போதுமே!

7. ஏர் ஃபில்டர் மாற்றுவது பெரும்பாலான கார்களில் நாமே செய்கிற ஐந்து நிமிட வேலை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவாவிட்டால் புதிது போடுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசிக் காயப்போடும் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

8. டேங்க் வற்றிய நிலையில் மலை ஏறாதீர்கள். செங்குத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் வண்டி விக்கும். அடிவாரத்திலேயே பாதி டேங்காவது நிரப்பிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

9. டீசல் வண்டியில் மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தால் டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், தண்ணீரும் தேங்கியிருக்கலாம். பல வண்டிகளில் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கத் திருகு உண்டு. சர்வீஸின்போது அதையும் வடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

10. பெட்ரோல் வண்டி வெட்டி வெட்டிப் போனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம், இன்ஜின் ஆறிய பிறகு மட்டும். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நலம், கரி அப்பியிருந்தால் சந்தேகம். பிளக் நன்றாக இருந்தும் மிஸ்ஸிங் அடித்தால் அடுத்து காயிலைப் பாருங்கள்.

11. ஆர்பிஎம் முள் ஏறுகிறது, ஸ்பீடு ஏறவில்லை, கருகிய வாடையும் வருகிறது என்றால் இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள், கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. சுற்றுலா நெரிசலில் சரிவில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்காமல் ஹேண்ட் பிரேக் போட்டால் பிளேட் நீண்ட நாள் உழைக்கும்.

12. டர்போ வண்டியில் மிதித்ததும் 'உஸ்ஸ்' சத்தமும் கரும்புகையும் வந்தால் ஹோஸில் விரிசலோ, கிளாம்ப் தளர்வோ இருக்கும். ஆறியபின் கையால் தடவிப் பாருங்கள், சில சமயம் ஒரு ஸ்க்ரூடிரைவரிலேயே வேலை முடிந்துவிடும்.

13. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்தாலும் பிக்கப் போய்விடும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்துத் தானாக உலரவிடுங்கள். துணி, விரல் எதுவும் படக்கூடாது.

14. கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் அங்கே பருப்பு வேக நேரமாகிறது. ரேடியேட்டர் மூடி இறுக்கமாக அழுத்தம் பிடித்தால்தான் கூலன்ட் கொதிக்காமல் நிற்கும். சூடேறினால் பல கார்கள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், எனவே மூடியையும் கூலன்ட் அளவையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சூட்டில் திறக்கவே கூடாது.

15. செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க் ஷாப் சேரலாம். அது விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஸிங் கடுமை என்று அர்த்தம். அப்போதும் மிதித்துக்கொண்டே போனால், சைலன்சர் வழியில் உள்ள விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து பாழாகும்.

16. ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்தால், கோளாறின் குறியீடு போனிலேயே தெரியும். சொந்தக்காரர் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்.

17. பிஎஸ் 6 டீசல் காரை ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தால் புகைக்கரி ஃபில்டர் அடைத்து வண்டி மந்தமாகும். அதற்கான விளக்கு எரிந்தால் மலைக்கு முன்னால் நான்குவழிச் சாலையில் கால் மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள், பெரும்பாலும் கரி எரிந்து சுத்தமாகிவிடும்.

18. இவ்வளவும் பார்த்துத் தீராவிட்டால், எந்தக் கியரில், எத்தனை ஆர்பிஎம்மில், சூட்டிலா குளிரிலா, என்ன நிறப் புகையோடு திணறியது என்று ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். தேவையில்லாத பாகம் மாற்றும் செலவு மிச்சமாகும்.

19. குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, இது சாலை விதி. ஊர் திரும்பும்போது, எதிரே மூச்சிரைக்க ஏறி வருகிறவருக்கு ஒதுங்கி வழி விடுங்கள் நண்பர்களே!