கூட்டத்துக்கு வழக்கு இல்லை, கொடுக்காததற்கு உண்டு

சட்ட ஆலோசனை: கேள்வி-பதில்

கேள்வி: நாங்கள் திருச்சுழி பக்கத்துக் கிராமம். மல்லிகைப் பூ பறிக்கிறவர்கள், அருப்புக்கோட்டை மில்லுக்குப் போகிறவர்கள் என்று எங்கள் மகளிர் குழுவில் எல்லோரும் கூலிக்காரர்கள்தான். மாதாமாதம் சேர்த்த பணத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காணும் பொங்கலுக்குச் சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு வேன் பிடித்துப் போனோம். விடுமுறை நாள் என்று ஆளுக்கு 1,200 ரூபாய். 18 பேருக்கு 21,600. என் தங்கச்சி மகன் செல்போனில் டிக்கெட் போட்டான்.

கேட்டுக்குள் நுழையவே ஒன்றரை மணி நேரம். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டிய இரண்டு ராட்டினங்களில் ‘பராமரிப்பு’ என்று தாள் ஒட்டியிருந்தார்கள். அலைக்குளத்தை மூன்று மணிக்கே மூடிவிட்டார்கள். சாயங்காலம் வரை பிள்ளைகள் ஏறியது இரண்டே ராட்டினம். கொண்டுபோன புளியோதரையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 40-க்கு விற்றார்கள். பை பார்த்துக்கொண்டு குளத்தோரம் நின்ற எங்கள் மதினி வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிசல். டிக்கெட்டில் ‘பணம் திருப்பித் தரப்படாது, அவரவர் சொந்தப் பொறுப்பு, வழக்கு சென்னை நீதிமன்றத்தில் மட்டுமே’ என்று போட்டிருக்கிறது. எங்களால் ஏதாவது செய்ய முடியுமா? சென்னைக்கு அலைய வேண்டுமா?

பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருச்சுழி வட்டாரம்

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சென்னைக்கு அலைய வேண்டாம். 1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருந்தவரை, எதிர்த்தரப்பு எங்கே தொழில் செய்கிறதோ, சம்பவம் எங்கே நடந்ததோ அங்கேதான் புகார் கொடுக்க முடிந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதை மாற்றியது. புகார்தாரர் குடியிருக்கும் ஊர், வேலை பார்க்கும் ஊர் எதுவோ அங்கேயும் புகார் கொடுக்கலாம் என்கிறது பிரிவு 34. உங்களுக்கு விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அது இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ‘சென்னையில் மட்டுமே’ என்று டிக்கெட்டில் அச்சடித்திருப்பதைக் காட்டி அவர்கள் ஆட்சேபிப்பார்கள். பாராளுமன்றம் கொடுத்த உரிமையை ஒரு டிக்கெட் வரி பறிக்க முடியாது என்பதே உங்கள் பதில்.

இனி வழக்குக்கு வருவோம். கூட்டமாக இருந்தது என்பது மட்டும் சேவைக் குறைபாடு ஆகாது. காணும் பொங்கலன்று கூட்டம் இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். புகாரில் கூட்டத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினால், அவர்களுடைய வக்கீல் இந்த ஒரே வாக்கியத்தில் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

நீங்கள் பிடிக்க வேண்டியது வேறு. அந்த இரண்டு ராட்டினங்களும் ஓடாது என்பது டிக்கெட் விற்ற நேரத்திலேயே அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தும் விளம்பரத்தில் அவற்றைக் காட்டிக் காசு வாங்கினார்களா? அலைக்குளம் மூடும் நேரத்தை முன்கூட்டிச் சொன்னார்களா? விடுமுறைக் கட்டணம் என்று கூடுதலாக வாங்கியவர்கள், அந்தக் கூட்டத்துக்கு ஏற்ற ஏற்பாடு செய்தார்களா? கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்காதது சேவைக் குறைபாடு. தெரிந்ததை மறைத்து விற்றது நியாயமற்ற வணிக நடைமுறை. வழக்கு நிற்பது இந்த இரண்டு கால்களில்தான்.

2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி நினைவிருக்கும். டிக்கெட் கையில் இருந்தும் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பிறகு பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அங்கே பிரச்சினை மிகத் தெளிவு: காசு வாங்கிய இருக்கை கிடைக்கவில்லை. உங்கள் விஷயத்தில் உள்ளே விட்டார்கள், இரண்டு ராட்டினம் ஏறவும் செய்தீர்கள். ஆகவே முழுப் பணமும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பகுதியும், மன உளைச்சலுக்கு இழப்பீடும், வழக்குச் செலவும் கேளுங்கள்.

‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரி, நீங்களாக மனம் மாறிப் போகாமல் இருந்தால் செல்லும். அவர்கள் தரப்புக் குறைக்கு அது மூடி ஆகாது. ‘சொந்தப் பொறுப்பு’ என்ற வரிக்கும் இதே கதிதான். டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் விருந்தினர் ஒருவர் நிறுத்தக் கொடுத்த கார் 1998-ல் திருடுபோனது. சீட்டில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டி ஹோட்டல் நழுவப் பார்த்தது. தன் கவனக்குறைவுக்கு அந்த வரியைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புளியோதரை விஷயத்தில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தியேட்டருக்குள் வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்க் தரப்பு அதைத்தான் காட்டும். அதே வழக்கில் இலவசக் குடிநீரும், கைக்குழந்தைக்கான உணவும் மறுக்கப்படக் கூடாது என்பதும் பதிவானது. உள்ளே இலவசக் குடிநீர்க் குழாய் இருந்ததா என்று உங்கள் குழுவில் எல்லோரிடமும் கேட்டு எழுதி வையுங்கள். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017-ல் தீர்ப்பு உண்டு. நின்றபடி பாட்டில் வாங்கும் கவுன்ட்டருக்கு அது பொருந்தாது என்று வாதாட இடமிருக்கிறது. பில் இருந்தால் புகாரில் சேருங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மதினியின் கை தனி விஷயம், கனமான விஷயமும் அதுதான். 2025 மே 27 அன்று ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பூங்காவில் ராட்டினம் ஒன்று அந்தரத்தில் நின்று, 30-க்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறையினர் இறக்கினார்கள். அப்படி நடந்தால் போலீஸ், அதிகாரிகள், தொலைக்காட்சி எல்லாம் தானே வந்துவிடும். வழுக்கி விழுந்த கைக்கு யாரும் வரமாட்டார்கள். ஆவணத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். முதலுதவி அறையில் பெயர் எழுதிய பதிவேடு, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு, கட்டுப் போட்டதால் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி எல்லாம் வேண்டும். ‘குளத்துப் பக்கம் சேலையோடு வரக்கூடாது என்று விதி, அவர் மீறினார்’ என்பார்கள். குளத்துக்குள் இறங்காமல் பை காத்து நிற்பவர்களுக்கு வேறு இடம் ஒதுக்கியிருந்தார்களா, தரையில் ரப்பர் விரிப்பு இருந்ததா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பதுதான் அதற்கு எதிர்க்கேள்வி. கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் உங்களுடையது. அன்று எடுத்த செல்ஃபிகளின் பின்னணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈரத் தரையும் பலகையும் (அல்லது பலகை இல்லாத சுவரும்) அதில் விழுந்திருக்கும்.

புகார் நடைமுறை எளிது. டிக்கெட்டைத் தங்கச்சி மகன் போட்டிருந்தாலும், சேவையைப் பெற்றவர் என்ற முறையில் நீங்களும் நுகர்வோர்தான். ஒரே குறை என்பதால் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாம். மதினிக்குத் தனிப் புகார் போடுவது நல்லது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். வராவிட்டால் ஆணையத்துக்குப் போங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வீடியோ வழி விசாரணைக்கும் மனு கொடுக்கலாம். ஆய்வகச் சோதனை தேவைப்படாத புகாரை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவே இழுக்கும்.

செல்போன் படம், வீடியோ கொடுத்தால் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன் கீழ் சான்றிதழ் இணைக்கச் சொல்வார்கள். படம் எடுத்த போனை விற்றுவிடாதீர்கள். அந்த இரண்டு ராட்டினங்களும் இருக்கும் விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். உள்ளே எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்று உரிமத்தில் நிபந்தனை உண்டா என, உரிமம் கொடுத்த அலுவலகத்திடம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பார்க் நிர்வாகத்துக்கு இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். அன்றைய தேதி, மதினி விழுந்த இடம், உத்தேச நேரம் மூன்றையும் குறிப்பிட்டு, அந்த சி.சி.டி.வி. பதிவையும் முதலுதவிப் பதிவேட்டையும் அழிக்காமல் வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடக் கூடும். கடிதம் கிடைத்த பிறகும் அது காணாமல் போனால், ஏன் போனது என்று ஆணையத்தின் முன் விளக்க வேண்டியவர்கள் அவர்களாகிவிடுவார்கள்.