தண்ணீருக்கும் இடம் வேண்டும்

2025 செப்டம்பர் 22 இரவு. கொல்கத்தா நகரில் பெருமழை கொட்டியது. ஒரே நாளில் சுமார் 250 மில்லிமீட்டர் மழை. விடிவதற்குள் தெருக்கள் ஆறுகள் ஆயின. குறைந்தது 10 பேர் இறந்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறக்கவில்லை. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள்.

இதை விதி என்று சொல்லலாமா? மழை இயற்கை. ஆனால், தண்ணீர் வடியாமல் நிற்பது இயற்கையா? மின்கம்பி கசிவது இயற்கையா? மனிதர் செய்யும் தவறு மழையோடு சேரும்போதுதான் பேரழிவு வருகிறது.

கொல்கத்தாவின் மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. நகரின் சரிவோ கிழக்கு நோக்கி இருக்கிறது. கிழக்கே பெரிய சதுப்பு நிலம் உள்ளது. நகரத்துச் சாக்கடை நீர் கால்வாய் வழியாக அங்குள்ள மீன் குளங்களுக்குப் போகிறது. குளங்களில் ஆழம் குறைவு. வெயில் நன்றாகப் படும். நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பாசி வளர்கிறது. மீன்கள் அதைத் தின்கின்றன. தெளிந்த நீர் வயலுக்குப் பாய்கிறது.

இந்த முறையை வளர்த்தவர்கள் அங்குள்ள மீனவர்களும் உழவர்களும்தான். துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் 1980களில் அவர்களிடம் இதைக் கற்றார். உலகுக்கும் எடுத்துச் சொன்னார். 2002இல் இந்த நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இதன் பரப்பு சுமார் 12,500 ஹெக்டேர்.

இதற்கு வடக்கே எழுந்த நகரம் நியூ டவுன். அங்கே முன்பு வயல்களும் குளங்களும் இருந்தன. இன்று அகன்ற சாலைகளும் உயர்ந்த கட்டடங்களும் உள்ளன. பலருக்கு வேலையும் வீடும் கிடைத்தன. நிலத்தை இழந்த உழவர்களும் உண்டு. நீரை வாங்கிக்கொள்ளும் மண்ணும் குறைந்தது.

சென்னையிலும் இதே கதைதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பை மேடாகவும் கட்டடங்களாகவும் மாறியது. 2015 டிசம்பரில் அதன் சுற்றுப்புறங்கள் வெள்ளத்தில் மிதந்தன.

தவறைத் திருத்தவும் முடியும். ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுப் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். பிறகு அங்கே புயல் காப்பகங்கள் கட்டினார்கள். எச்சரிக்கை ஊர் ஊராகச் சென்று சேர வழி செய்தார்கள். 2013இல் மீண்டும் கடும் புயல் வந்தது. அதற்கு முன்பே லட்சக்கணக்கான மக்களை அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு.

புயலைத் தடுக்க முடியவில்லை. சாவைத் தடுக்க முடிந்தது. இதுவே உண்மையான முன்னேற்றம். கட்டடத்தின் உயரம் மட்டும் முன்னேற்றம் ஆகாது. மழை நாளில் ஏழையின் வீட்டுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க வேண்டும். அவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.

சிந்தியுங்கள்:

1. உங்கள் ஊரில் மழைநீர் எந்த வழியாக ஓடுகிறது?
2. அந்த வழியில் இப்போது என்ன இருக்கிறது?
3. இதைப் பற்றி அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் என்ன கேட்பீர்கள்?