எஞ்சினுக்கு வரும் முறைக்காய்ச்சல்

தொடர்ந்து அடிக்கும் காய்ச்சலைக் கண்டு மருத்துவர் அவ்வளவாகக் கலங்குவதில்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சலே அவர் பொறுமையைச் சோதிப்பது. நோயாளி மருத்துவர் வீட்டு வாசலை மிதிக்கும் வேளையில் உடம்பு குளிர்ந்திருக்கும். வீடு திரும்பியதும் நடுக்கம் தொடங்கிவிடும். ஆகவே அக்கால மருத்துவர்கள் "என்ன செய்கிறது?" என்பதோடு நில்லாமல் "எப்போது செய்கிறது?" என்றும் துருவிக் கேட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதா, இரண்டு நாள் விட்டு வருகிறதா என்பதைக் கொண்டே இன்னவகை மலேரியா என்று ஊகித்தார்கள்.

மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் இத்தகைய முறைக்காய்ச்சல் உண்டு. பல நாள் வெப்பங்காட்டும் முள் நடுவில் அசையாது நிற்கும். ஒருநாள் திடீரென்று சிவப்புக் கோட்டைத் தொடும். மறுநாள் ஒன்றும் அறியாததுபோல் பழைய இடத்திலேயே இருக்கும். இதன் காரணத்தைக் காண்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். நம்மில் பலரிடம் வண்டி இல்லை என்பதை அறிவேன். ஆயினும், தானாக வந்து தானாக மறையும் கோளாறோடு ஆய்வுக்கூடத்தில் மல்லாடாத விஞ்ஞான மாணவர் யார்?

முதலில் வெப்பத்தின் வரவுசெலவைப் பார்ப்போம். பெட்ரோல் எரிவதால் பிறக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பல சமயம் அதனினும் குறைவு, வண்டியை ஓட்டும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மிச்சத்தின் பெரும்பகுதி எஞ்சினின் சுவர்களில் ஏறுகிறது. அதை நீர் வாங்கிச் சென்று ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். நீரைச் சுற்றி அனுப்புவது பம்பு. எஞ்சின் சூடேறியபின், சுமார் 80 முதல் 90 டிகிரியில், தெர்மோஸ்டாட்டினுள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது விசிறி வேண்டும்.

ரேடியேட்டர் வெளிவிடும் வெப்பம், நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. தில்லியின் ஜனவரியில் காற்று 10 டிகிரி, நீர் 90 டிகிரி என்றால் வேறுபாடு 80. மே மாதத்து 45 டிகிரி வெயிலில் வேறுபாடு 45தான். அதே ரேடியேட்டர் பாதியைச் சற்றே மிஞ்சிய வேலைதான் செய்யும். குளிர்காலம் முழுதும் ஒளிந்திருந்த பலவீனம் கோடையில் வெளிப்படுவது இதனாலேயே.

இனி, "எப்போது?" என்ற கேள்விக்கு வருவோம். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், நீரோட்டத்தில் குறையில்லை, காற்றோட்டத்தில்தான் குறை: விசிறி, அதன் ரிலே, அதை முடுக்கும் சுவிட்சு இவற்றையே சந்தேகிக்க வேண்டும். நகருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலும் மலையேற்றத்திலும் மட்டும் சூடேறினால் கதை நேர்மாறானது. காற்று தாராளமாக வருகிறது, நீர்தான் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம். பம்பின் இலைகள் தேய்ந்திருக்கலாம். கீழ் ஹோஸ் நைந்துபோய், பம்பு வேகமாக உறிஞ்சும்போது உள்ளொடுங்கி வழியை அடைக்கலாம். இக்கடைசிக் கோளாறு பொல்லாதது. வண்டியை நிறுத்திப் பார்த்தால் ஹோஸ் உருண்டு திரண்டு அழகாக இருக்கும். நேரம், இடம் பாராமல் முள் ஏறி இறங்கினால் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொள்கிறதா, நீர் குறைந்து காற்று புகுந்திருக்கிறதா, ஹெட் கேஸ்கெட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் கொதிக்கையில் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருமாயின், அங்கே நீர் வந்து சேரவில்லை என்பது பொருள்.

முள்ளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சிறிய எஞ்சின் ஒன்றில் 4 லிட்டர் நீரும் 60 கிலோ உலோகமும் இருப்பதாகக் கொள்வோம். இவற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 55 கிலோஜூல் வேண்டும். நிற்கும் வண்டியில் நீருக்கு வரும் வெப்பம் விநாடிக்கு 4 கிலோஜூல் என்றால், 20 டிகிரி ஏற நாலரை நிமிஷம் ஆகும். ஆகவே ஒரே விநாடியில் சிவப்புக்குத் தாவும் முள், பெரும்பாலும் கம்பி இணைப்பின் கோளாற்றையே காட்டுகிறது. நீர் குறைந்து, நீராவிக் குமிழ் உணரியைத் தொட்டாலும் முள் தாவும் என்பதால், நீரின் அளவைப் பாராமல் அலட்சியம் செய்யலாகாது.

இவ்வளவும் நூல்களில் கிடைக்கும். நூல்கள் அதிகம் பேசாத ஒன்றை எனக்குக் காட்டியது, முனிர்க்காவில் சிற்றுண்டிக் கடை நடத்தும் அண்ணாச்சியின் வேன். நம் விடுதி வாசலில் மாலைதோறும் இட்லியும் சாம்பாரும் இறங்குவது அந்த வேனிலிருந்துதான். சென்ற கோடையில் அது ரிங் ரோட்டில் அடிக்கடி கொதித்தது. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். மூன்று நாள் நன்றாக ஓடியது, நான்காம் நாள் கொதித்தது. பிறகு மூடியை மாற்றினார்கள். மீண்டும் சில நாள் அமைதி. அதன் பின் ரேடியேட்டரையே மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பணம் போயிற்று. இன்னும் இரண்டு முறை கொதித்தால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், அதன் செலவைக் கடை தாங்காது என்ற அச்சம் வேறு.

"தம்பி, கெட்டாலும் முழுசாக் கெட மாட்டேங்குதே, இதை என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி.

பட்டறைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் கருதவில்லை. கணக்குதான் அவர்களை ஏமாற்றியது. நான்கு நாளைக்கு ஒருமுறை என்ற அளவில், முன்பின் தொடர்பின்றி வரும் கோளாறு என்று கொள்ளுங்கள். எதையுமே தொடாமல் விட்டாலும் அது மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதிருக்கும் வாய்ப்பு எவ்வளவு? நான்கில் மூன்றை மூன்று முறை பெருக்க, 64-இல் 27. அதாவது நூற்றுக்கு 42. ஒன்றும் செய்யாமலே ஏறக்குறையப் பாதி வெற்றி! அந்த வெற்றியின் புகழ், கடைசியாக மாற்றிய உறுப்புக்குப் போய்ச் சேர்கிறது. இவ்வாய்ப்பு நூற்றுக்கு 5-க்குக் கீழே இறங்க வேண்டுமானால், கோளாறின்றி 11 நாள் ஓட வேண்டும்.

எனவே எந்த உறுப்பையும் மாற்றாமல், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாள், நேரம், இடம், வண்டி ஓடியதா நின்றதா, விசிறிச் சத்தம் கேட்டதா என்று எழுதிவரும்படி அண்ணாச்சியிடம் சொன்னேன். சில்லறைக் கணக்கு எழுதிப் பழகிய கை; ஒருநாளும் விடாமல் எழுதினார். 24 நாளில் 6 முறை கொதித்திருந்தது. ஆறும் மாலையில், ஆறும் நெரிசலில் நிற்கையில், ஆறிலும் விசிறிச் சத்தம் இல்லை. காலையில் மார்க்கெட்டுக்குப் போய்வருகையில் ஒருமுறைகூட இல்லை. அந்நேரத்தில் சாலை காலி, காற்றும் குளிர்ச்சி, விசிறிக்கு வேலையே குறைவு.

"விசிறியைத்தான் பட்டறையில் பார்த்தாங்களே, நல்லாச் சுத்துச்சே!" என்றார். பார்த்தது உண்மைதான், ஒரே ஒருமுறை. நாங்கள் விசிறி மோட்டாருக்கு பாட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்து, விட்டுவிட்டு 20 முறை சோதித்தோம். 17 முறை சுழன்றது. 3 முறை அசையவில்லை. அசையாத நிலையில் மோட்டாரின் உடலை மரக்கட்டையால் மெல்லத் தட்டியதும் சுழன்றது. கழற்றிப் பார்க்கையில் கார்பன் பிரஷ்கள் அடிமட்டம் வரை தேய்ந்திருந்தன; அவை உரசும் செப்பு வளையத்தில் ஓரிடம் கருகியிருந்தது. மோட்டார் நிற்கும்போது பிரஷ் நல்ல இடத்தில் நின்றால் அடுத்த முறை சுழலும். கருகிய இடத்தில் நின்றால் சுழலாது. வேனின் காய்ச்சல் முறைவைத்து வந்த ரகசியம் இதுதான். பிரஷ்களை மாற்றி வளையத்தையும் சுத்தம் செய்தபின், 11 நாள் ஆகும்வரை "சரியாகிவிட்டது" என்று சொல்ல நான் இசையவில்லை. அண்ணாச்சிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பன்னிரண்டாம் நாள் விடுதி வாசலில் எனக்கு இரண்டு வடை அதிகம் கிடைத்தது.

வண்டி வழியில் கொதித்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஓரமாக நிறுத்தும்வரை ஹீட்டரை முழு அளவில் திறந்து வையுங்கள். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. பிறகு எஞ்சினை அணையுங்கள். மூடியை மட்டும் தொட வேண்டாம். மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைத்திருப்பதால், நீர் 120 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கக்கூடும். அழுத்தம் நீங்கிய கணமே அதில் ஒரு பகுதி நீராவியாகிவிடும். 4 லிட்டர் நீரில் சுமார் 150 கிராமே ஆவியாகும். ஆனால் அது ஏறத்தாழ 250 லிட்டர் இடத்தை அடைக்கும், கொதிநீரையும் வாரிக்கொண்டு முகத்தில் பாயும். அரைமணி நேரமேனும் பொறுத்து, மேல் ஹோஸ் வெறுங்கையால் அழுத்தும் அளவுக்கு ஆறித் தளர்ந்த பிறகு, பல மடிப்புத் துணியை மூடிமேல் போட்டு முதல் தடைவரை மட்டும் திருப்புங்கள். சீறல் ஒலி அடியோடு அடங்கியபின் மீதியைத் திருப்பி, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றலாம்.