கிழங்கு வேண்டுமா, கீரை வேண்டுமா?

2022ஆம் ஆண்டில் கோதுமை மாவும் அரிசியும் எட்டாத விலைக்குப் போனபோது, லயத்துக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் பலரும் வத்தாளை, மரவள்ளி என்று நட்டார்கள். பல வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு: "கொடி காடு மாதிரி வளந்திருக்கு, கிண்டிப் பாத்தா வெரல் மொத்தம்தான் கெழங்கு!" மண்ணைக் குறை சொல்வதற்கு முன்னால் இலையைக் கொஞ்சம் பார்ப்போமே.

தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து. ரெண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் வேறு கொழுந்து வெடிக்கும். கவ்வாத்து வெட்டிய செடி மொட்டையாக நின்று பிறகு துளிர்க்கிறதே, எதைத் தின்று துளிர்க்கிறது? வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தைத்தான். கிழங்குப் பயிரில் அந்த மாச்சத்துத்தான் நம்முடைய சாப்பாடு. இலை வெயிலைப் பிடித்து மாச்சத்துக்கு வேண்டியதைச் சமைக்கிறது. அது தண்டு வழியாக இறங்கிக் கிழங்கில் சேர்கிறது. இலையைப் பறித்துக்கொண்டே இருந்தால், கீழே போக வேண்டியதை எடுத்துச் செடி புது இலை கட்டும். கொழுந்து எடுத்துப் பழகின கைக்கு இது கொஞ்சம் சிரமம்தான். நுனியைக் கண்டால் கை தானாகப் போகும்!

அதற்காக வத்தாளை இலையைச் சாப்பிடாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கும் நல்ல கீரை அது. நாங்கள் சொல்வது இதுதான்: கீரைக்கென்று ஒரு பாத்தியை ஒதுக்குங்கள். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் கிள்ளலாம். கிழங்குக்கு நட்ட பாத்தியில் முதல் 6 வாரம் கையே வைக்க வேண்டாம். எந்த வேர் கிழங்காகப் பருக்கும் என்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான் முடிவாகிறது. பிறகும் அவசரத்துக்கு எடுத்தால், ஒரே கொடியை மொட்டையடிக்காமல் பல கொடிகளில் ஒவ்வொரு நுனியாக எடுங்கள்.

இதற்கு நேர்மாறான தொந்தரவும் இருக்கிறது. தேயிலைக்குப் போடும் உரத்தை வத்தாளைக்கும் அள்ளிப் போட்டால் இலை பச்சைப் பசேல் என்று வரும், கிழங்கு வராது. அந்த உரத்தில் தழைச்சத்து அதிகம். கிழங்குக்குச் சாம்பல் சத்து நிறைய வேண்டும். கவ்வாத்து விறகு எரித்த அடுப்புச் சாம்பலை வீணாகக் கொட்டாமல் பாத்தியில் தூவி மண் அணையுங்கள். மர நிழலிலும் இதே கதைதான், கொடி ஓடும், கிழங்கு இருக்காது. மழைக்காலத்தில் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டால் மெல்லத் தூக்கி விடுங்கள். இலை கவிழாமல் திரும்ப வைப்பது முக்கியம்.

மரவள்ளியில் ஒரு குச்சிக்கு ரெண்டு முளை போதும், மற்றதைச் சின்னதிலேயே ஒடித்து விடலாம். இலை எடுப்பதானால் ரெண்டு மூன்று மாத இடைவெளி கொடுங்கள். ஒன்றை மறக்கக் கூடாது. கிழங்கை விட இலையில் நச்சு அதிகம். நன்றாக இடித்து, மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே சமைக்க வேண்டும். கிழங்கு பிடுங்குவதற்கு 2 அல்லது 3 வாரம் முன்பு தண்டை ஓரடி விட்டு மேலே வெட்டி விட்டால், பிடுங்கிய கிழங்கு சீக்கிரம் கறுக்காது. சந்தைக்குக் கொண்டு போகிறவர்களுக்கு இது உதவும். வேகுவது மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.

இராசவள்ளி நுவரெலியா போன்ற குளிர் மலைகளில் சரியாக வராது. கீழ்ப்பக்கத் தோட்டக்காரர்கள் நடலாம். அதில் இலை பறிக்கிற பேச்சே இல்லை, இலைக்கு வெயில் காட்டுவதுதான் வேலை. கொடியைத் தரையில் விட்டால் இலை மேல் இலை படிந்து பாதி இலை சும்மா கிடக்கும், நோயும் சீக்கிரம் பிடிக்கும். முளை வந்தவுடனே எட்டு, பத்து அடிக் கம்பு நாட்டி ஏற்றி விடுங்கள். கிளிரிசிடியா நட்டிருந்தால் அதன் தழையை அவ்வப்போது கழித்து விட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே நிழல் கட்டும். இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து பரவினால், அந்த இலைகளை எடுத்து எரித்து விடுங்கள். மழை நேரத்தில் கொடிக்குள் நடமாட வேண்டாம், ஈரத்தில் நோய் ஒட்டிக்கொண்டு போகும்.

எட்டு, ஒன்பது மாதத்தில் இலை தானாகப் பழுத்துக் கொடி காயும். அதற்கு முன் பச்சையாக இருக்கும்போதே கிண்டினால் கிழங்கு தண்ணீராக இருக்கும். காய்ந்த பிறகு தோண்டி, தலைப்பக்கத் துண்டை அடுத்த நடவுக்கு வெட்டி எடுங்கள். வெட்டுவாயில் சாம்பல் தடவி, மழை படாத நிழலில் வைத்தால் முளை வரும் வரை கெடாமல் இருக்கும்.