இல்லாளும் இல்லமும்

தமிழில் மனையாளைக் குறிக்கும் சொற்களுள் 'இல்லாள்', 'மனைவி', 'மனையாட்டி' என்பன வீட்டையே அடியாகக் கொண்டு பிறந்தவை. இல்லத்திற்கு உரியவள் என்பதே அவற்றின் கருத்து. சொல்லளவில் நல்கிய அவ்வுரிமையை நம் சமூகம் நடைமுறையில் நல்கியதா எனின், பெரும்பாலும் இல்லை என்றே கூறல் வேண்டும். கணவன் அடித்து வெருட்டும் இரவில் வாயிற்படிக்குப் புறத்தே நிற்பவள் அவளே. உள்ளே தாழிட்டுக்கொள்பவன் அவன். இம்முரண்பாட்டை இந்திய நாட்டுச் சட்டம் எங்ஙனம் தீர்க்க முயல்கின்றது என்பதையும், துன்புறுவார்க்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் இத்தீமையின் அளவை நோக்குவோம். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணஞ்செய்துகொண்ட 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுவரில் ஏறக்குறைய 29 பேர் கணவரால் உடல்வழியாகவோ பாலியல் வழியாகவோ வன்முறைக்கு ஆளானவர்கள். இத்தகைய வன்முறையை எவர் கையிலேனும் உற்ற பெண்டிருள் நூற்றுக்கு 77 பேர் உதவி நாடவுமில்லை. பிறரிடம் வாய்திறந்து கூறவுமில்லை.

இம்மௌனத்திற்குக் காரணம் யாது? 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிறந்தகத்திற்குச் சென்றாலோ, தங்கையின் திருமணம் தடைப்படுமே என்றும், ஊர் நகைக்குமே என்றும் கூறித் திருப்பி அனுப்புவர். கையில் பொருளில்லை, இடுப்பில் குழந்தை. "இவ்வளவு துன்பத்திலும் ஏன் அவள் விலகவில்லை?" என்று வினவுவோர், "விலகினால் எங்கே செல்வாள்?" என்று வினவுவதில்லை.

1983ஆம் ஆண்டில் தண்டச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட பிரிவொன்று, மனைவியைக் கொடுமைசெய்யும் கணவனுக்கும் அவன் சுற்றத்தார்க்கும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சங்கிதையில் இடம்பெற்றுள்ளது. எனினும், குற்றவாளியைத் தண்டிப்பது வேறு. துன்புற்றவளுக்குக் கூரை அளிப்பது வேறு. இக்குறையை நிரப்ப வந்ததே 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். அஃது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் வன்முறையை நால்வகையாக்குகின்றது: உடலை வருத்துதல், பாலியல் கொடுமை, சொல்லாலும் செயலாலும் மனத்தைப் புண்படுத்துதல், பொருள்வழி ஒடுக்குதல். நகையைப் பறித்தலும், வீட்டுச் செலவுக்குப் பணம் மறுத்தலும் இறுதி வகையைச் சாரும். வீட்டில் தனக்குச் சொத்துரிமை இருப்பினும் இல்லையெனினும், தான் கூடி வாழ்ந்த இல்லத்தில் தங்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பது அதன் 17ஆம் பிரிவு. வேண்டுமாயின் கணவனையே வீட்டினின்று வெளியேறுமாறு மாஜிஸ்திரேட்டு ஆணையிடலாம். மனுவைப் பெற்ற மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை தொடங்குதலும், அதிலிருந்து அறுபது நாட்களுள் முடிவு காண முயலுதலும் வேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

ஆயினும் சட்டம் பிறந்த சின்னாளிலேயே ஓர் இடர் நேர்ந்தது. வீடு மாமியார் பெயரில் இருப்பின் மருமகள் அதில் தங்கும் உரிமை கோரலாகாது என 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. நம் நாட்டில் மகன் மணமுடித்துப் பெற்றோர் இல்லத்திலேயே வாழ்வது பெருவழக்காதலின், பல பெண்டிர்க்கு அவ்வுரிமை ஏட்டளவில் நின்றது. 2020 அக்டோபர் 15 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, கணவனின் உறவினர்க்குச் சொந்தமான வீடும், அவள் நிலையாகக் கூடி வாழ்ந்த இல்லமாயின், அவ்வுரிமைக்கு உட்பட்டதே என்றது. அவ்வுரிமை எக்காலத்தும் அசையாததன்று என்றும், முதியோரின் அமைதியான வாழ்வையும் உடன் சீர்தூக்குதல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுவது கருதத்தக்கது.

இனி நம் கடமை. துன்புற்ற பெண் ஒருத்தி நம்மை நாடிவரின், அவள் கூறுவதைக் குறுக்கிடாது கேட்டல் முதற்கடன். கேட்டதை நம்புதல் இரண்டாவது. "நீ என்ன செய்தாய்?" என்று வினவுதல் புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். அவள் அறியாமல் கணவனிடம் சென்று சமாதானம் பேசுதல் பெருந்தீங்கு விளைக்கும். விலக முயலும் வேளையே அவளுக்குப் பேரபாயம் மிக்க வேளை. ஆதலின் முடிவை அவளிடமே விட்டு, வழிகளை மட்டும் அறிவிப்போமாக. 181 என்னும் தொலைபேசி எண் இரவும் பகலும் உதவும். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க இடமும், மருத்துவ உதவியும், சட்ட ஆலோசனையும் கிடைக்கும். பாதுகாப்பு அலுவலர் அவளுக்காக அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பெண்ணாயின், வருமானம் நோக்காது இலவச வழக்கறிஞரைப் பெறலாம்.

"அயல்வீட்டுச் செய்தி நமக்கேன்?" என்பாரும் உளர். வன்முறை நிகழ்வதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்கு அறிவிக்கலாம் என்றும், நல்லெண்ணத்தோடு அறிவித்தவரை வழக்கால் வருத்தலாகாது என்றும் அச்சட்டமே உரைக்கின்றது. எனவே அஞ்சுதற்கு இடமில்லை.

மாணவ அன்பர்காள், நம்மிற் பலர் நாளை இல்லறம் ஏற்போம். அனைவரும் எவர்க்கேனும் அயலாராய் வாழ்வோம். சுவருக்கு அப்பால் ஓர் அழுகுரல் கேட்குமாயின், அது குடும்ப விவகாரம் என்று சாளரத்தை மூடாதிருப்போமாக. அடைக்கலம் வேண்டுவோர்க்குக் கதவைத் திறத்தல் கல்வி கற்றார்க்குக் குறைந்த கடமையே யாகும்.