தப்பான விடையை அச்சடித்தவர்!

சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துக் குழாயைக் கொஞ்சமாத் திறந்து பாருங்க. தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி இறங்கும். இது வரிச்சீர் ஓட்டம். முழுசாத் திறந்தால் கலங்கிச் சிதறும். இது சுழற்சி ஓட்டம். காற்றிலும் இப்படித்தான். பெரிய சுழல் உடைஞ்சு சின்னதாகும், அது இன்னும் சின்னதாகும். கடைசியில் பாகுநிலை அதை வெப்பமாக்கிவிடும்.

இதைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா? சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. ஆனால் தீர்ப்பதுதான் கஷ்டம். இங்கிலாந்துக்காரர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் ஒரு வழி பிடித்தார். வானத்தைக் கட்டம் கட்டமாப் பிரிக்கணும். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் அழுத்தம், வேகம் எவ்வளவுன்னு எழுதணும். பக்கத்துக் கட்டத்தோடு உள்ள வித்தியாசத்தை வச்சு, சில மணி நேரம் கழிச்சு என்ன ஆகும்னு கூட்டிப் பெருக்கியே கண்டுபிடிக்கலாம்! இன்று கம்ப்யூட்டர் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். கட்டத்தைவிடச் சின்னச் சுழல்கள் கணக்கில் சிக்காது. அதுக்குத் தோராயம்தான். அந்தத் தலைவலி இன்னும் தீரலை.

முதல் உலகப் போர் வந்தது. ஆயுதம் எடுக்க மாட்டேன் என்ற ரிச்சர்ட்சன், பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில் வைக்கோல் குவியலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எடுத்துக்கொண்ட நாள் 1910 மே 20, இடம் நடு ஐரோப்பா. 6 மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு மாறும் என்பதுதான் கேள்வி. 1917இல் கையெழுத்துப் பிரதியே தொலைந்தது. சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்ததாம்!

விடை? அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. மொத்தக் காற்றழுத்தமே சுமார் 1013 மில்லிபார்தானே, எவ்வளவு பெரிய தப்பு பாருங்க!

அதை அவர் மறைக்கலை. 1922இல் வந்த தன் புத்தகத்தில் எல்லாப் படிகளோடும் அச்சடித்தார். (போன வாரம் ரீடிங் சரியா வரலைன்னு பிராக்டிகல் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தவள் நான். சார், மன்னிக்கவும்.)

படிகள் இருந்ததால்தான் பின்னால் பீட்டர் லிஞ்ச் என்ற ஆய்வாளர் அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் திரும்பப் போட முடிந்தது. ரிச்சர்ட்சனின் 145 அப்படியே வந்தது. வழிமுறை சரி; ஆரம்ப அளவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதைச் சீராக்கிப் போட்டதும் விடை 1 மில்லிபாருக்கும் கீழே வந்தது.

குழாயைத் திறந்து பார்த்தவங்க மூடிட்டுப் போங்க.

— 11ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி